பொதிக்குக் குரல் கொடுத்தவள்

தொண்ணூறு எபிசோட் பொதிக்குக் குரல் கொடுத்த பிறகும் எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனிமே பார்க்கிற பிள்ளைகள் எங்கேயாவது என்னைக் கண்டுபிடித்து, "பொதி வாய்ஸ் நீங்கதானா ஆன்ட்டி?" என்று கையைப் பிடித்துக்கொள்ளும்போது சிரித்து வைப்பேன். போயும் போயும் இவனுக்கா இவ்வளவு பாசம் என்று உள்ளுக்குள் எரியும்.

தொடரின் நாயகன் நீலமுடி வைத்த பதினாறு வயதுப் பையன். வாளைத் தூக்கிக்கொண்டு மலை மலையாக ஏறுவான். அவன் பின்னால் மூட்டை சுமந்து வருகிறவன்தான் பொதி. சப்பை மூக்கு, குட்டைக் கால், முதல் எபிசோடிலிருந்து ஒரே பழுப்புக் கோட்டு. மந்திரம் தெரியாது, சண்டை வராது. நாயகன் பாறையைப் பிளக்கும்போது இவன் ஓரமாக உட்கார்ந்து அவனுடைய கிழிந்த காலுறையைத் தைப்பான். யாரும் நன்றி சொன்னதில்லை. எடுபிடி, ஏமாளி என்பதுதான் என் தீர்ப்பு.

நாயகனுக்குக் குரல் கொடுத்தவர் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை. ஐம்பத்து மூன்று வயது, வழுக்கை, மாடிப்படி ஏறினால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திட்டுவார். மைக் முன்னால் நின்றால் பதினாறு வயது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு டைரக்டர் எனக்குத் தகர டப்பா குரல் என்று சொல்லி வீட்டுக்குப் போகச் சொன்னார். "அவ போனா நானும் போறேன்" என்று அண்ணன் எழுந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது. ஸ்டுடியோவில் அவரை ஹீரோ என்றும் என்னைப் பொதி என்றும்தான் கூப்பிடுவார்கள். அவர் குளிர்ந்து போவார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

எங்கள் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. வசனங்களை முதலில் பேசி முடித்துவிடுவோம். சண்டைக் காட்சிகளில் வருகிற கத்தல், அலறல், அடி வாங்குகிற சத்தம் எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளிவைத்து ஒரே மூச்சில் எடுப்போம். கத்திவிட்டு வசனம் பேசினால் குரல் கரகரக்கும், அதனால்தான். இதற்குக் கத்தல் ரவுண்டு என்று பெயர். அந்த நேரத்தில் டைரக்டர் டீ குடிக்கப் போய்விடுவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு திரையில் ஏறி இறங்கும் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தொண்ணூறாவது எபிசோடின் கத்தல் ரவுண்டில் அண்ணன் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. இருமினார். மறுபடி திறந்தார், மறுபடியும் காற்று. இன்ஜினியர் நிமிர்வதற்குள் நான் அவர் மைக்கில் எட்டிக் கத்திவிட்டேன். பதினாறு வயதுப் பையன் அலறல்தானே, எனக்கு அது தண்ணி பட்ட பாடு. இன்ஜினியர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வெளியே வந்து படிக்கட்டில் நின்று அண்ணன் சொன்னார். "தொண்டையில ஏதோ கட்டியாம். கொஞ்சம் கிள்ளி எடுத்து டெஸ்ட் பண்ணணும்கிறாரு டாக்டர். தண்ணி முழுங்கினா காது வரைக்கும் வலிக்குது."

"அப்போ எப்ப போறீங்க?"

"இன்னும் பதினாலு எபிசோட்தான இருக்கு. முடிச்சிட்டுப் போறேன். கம்பெனிக்குத் தெரிஞ்சா முதல் எபிசோட்லேர்ந்து வேற ஆளைப் பேச வெச்சு என்னைத் துடைச்சிடுவான். பேசறதுக்குக் குரல் இருக்கு. கத்தறதுதான் முடியல. நீ பாத்துக்க மாட்டியா?"

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தொண்டைக்கட்டுன்னு சொல்லியிருக்கேன். நீயும் வாயத் திறக்காத."

எனக்குப் பயமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது. அவர் யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொல்லியிருக்கிறார். பொதி என்று பெயர் வைத்தார்கள், இதோ சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அறிவு கெட்ட நினைப்பு. ஆனால் அப்போது அப்படித்தான் இருந்தது.

அதன்பிறகு வாரம் ஒரு எபிசோட். ஒவ்வொரு கத்தல் ரவுண்டிலும் அவர் மைக் முன்னால் நின்று வாயை அசைப்பார். நான் பக்கத்திலிருந்து கத்துவேன். வாள் வெட்டு, தீக்காயம், பள்ளத்தில் விழுவது எல்லாமே நான். வீட்டுக்குப் போய் உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பேன். ஒருநாள் டைரக்டர் பதிவைக் கேட்டுவிட்டு, "ஹீரோ, முன்னவிட இப்பதான் சூப்பரா கத்தறீங்க" என்றார். அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். வசனத்திலும் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. நாயகன் வளர்ந்துவிட்டான், குரல் உடைகிறது என்று டைரக்டரே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

நூற்று மூன்றாவது எபிசோடுக்கு ஸ்கிரிப்ட் வந்தது. நாயகனுக்குக் காலில் விஷக்காயம். யாரிடமும் சொல்லாதே என்று பொதியிடம் சத்தியம் கேட்கிறான். பொதி சத்தியம் செய்ய மறுத்து, நேரே படைத்தளபதியின் கூடாரத்துக்குப் போய்ச் சொல்லிவிடுகிறான். ஸ்கிரிப்டைத் தூக்கிக்கொண்டு டைரக்டரிடம் சண்டைக்குப் போனேன்.

"சார், இது சரியில்ல. பொதி இப்படிச் செய்ய மாட்டான். விசுவாசமான ஆளு. காட்டிக்கொடுப்பானா?"

டைரக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏம்மா, இத்தனை நாளா நீ யாருக்குப் பேசிட்டிருந்த? அவன் எப்பவாச்சும் பொய் சொல்லியிருக்கானா? ஒரு எபிசோடாவது உக்காந்து பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. அதுதான் உண்மை. எங்கள் வேலையில் கேரக்டரின் முகத்தைப் பார்க்க நேரமிருக்காது. உதடு எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது, அவ்வளவுதான் கண்ணில் படும். நூறு எபிசோடுக்கு மேல் நான் பொதியின் வாயை மட்டும் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய எபிசோடுகளைப் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். ஏழாவது எபிசோடில் ஊரே நாயகனின் வாள்வீச்சுக்குக் கைதட்டுகிறது. எப்படி இருந்தது என்று அவன் பொதியைக் கேட்கிறான். "கால் வழுக்குச்சு. நான் பாத்தேன்" என்கிறான் பொதி. முப்பத்தெட்டில் நாயகன் ஒரு படகைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். பொதி திரும்பிப் போய், எடுத்தது நாங்கள்தான் என்று படகுக்காரனிடம் சொல்லி, அவனுக்கு நான்கு நாள் வலை பின்னிக் கொடுத்துவிட்டு, மூச்சிரைக்க ஓடிவந்து சேர்கிறான். அறுபத்தொன்றில் நாயகனின் அம்மா வழியில் எதிர்ப்பட்டு மகன் எப்படி இருக்கிறான் என்று விசாரிக்கிறாள். நாயகன் பின்னாலிருந்து கண் ஜாடை காட்டுகிறான். "சரியா சாப்பிடறதில்லம்மா. தனியா உக்காந்து அழறான்" என்று பொதி போட்டு உடைக்கிறான்.

ஒவ்வொரு தடவையும் நாயகன் வாய்க்கு வந்தபடி திட்டுகிறான். அடுத்த காட்சியில் பொதி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவன் பின்னாலேயே நடக்கிறான். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை, தியாகம் செய்கிற பாவனையும் இல்லை. பசிக்கிறது, நடக்கலாம் என்பது மாதிரி ஒரு முகம். அந்தச் சப்பை மூக்கை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன். விட்டுப் போகவும் மாட்டான், விட்டுக்கொடுக்கவும் மாட்டான், பொய்யும் சொல்ல மாட்டான். அத்தனை வசனத்தையும் பேசியது என் வாய்தான். ஒன்றுகூட என் மண்டையில் ஏறவில்லை. எனக்கு அவன்மேல் பிரியம் வந்தது. சொல்லப்போனால் அழுகையே வந்தது. நான் அண்ணனுக்குச் செய்துகொண்டிருந்த வேலையைப் பொதியிடம் கொடுத்திருந்தால் அவன் செய்திருக்க மாட்டான்.

மறுநாள் ஸ்டுடியோவுக்குப் போனேன். வசனங்கள் முடிந்தன. படைத்தளபதியிடம் பொதி பேசும் வசனத்தை இரண்டாவது டேக்கில் பேசி முடித்தேன். கத்தல் ரவுண்டு வந்தது. டைரக்டர் டீக்கு எழுந்தார். அண்ணன் வழக்கம்போல மைக்கை என் பக்கம் ஒரு சாண் திருப்பி வைத்தார்.

"சார், போகாதீங்க" என்றேன் மைக்கில். "மூணு மாசமா அண்ணன் கத்தல. நான்தான் கத்திட்டிருக்கேன். அவருக்குத் தொண்டையில கட்டி இருக்கு. டெஸ்டுக்குப் போகாம தள்ளிப் போட்டுட்டே இருக்காரு."

இன்ஜினியர் நாற்காலியோடு திரும்பினார். டைரக்டர் கதவருகே அப்படியே நின்றுவிட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றார். வந்தது பாதிக் குரல்தான்.

"அண்ணே, ஒரு தடவ கத்திக் காட்டுங்க. கத்திட்டா நான் பொய் சொன்னேன்னு வெச்சுக்கலாம்."

அவர் கத்தவில்லை. ஹெட்போனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினார். "உன்னைப் போய் நம்பினேன் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் வாசலுக்கு வந்து அண்ணிக்குப் போன் போட்டேன். தபால் அலுவலகத்தில் கவுன்டர் வேலை அவருக்கு. வரிசையில் ஆட்கள் நிற்கும்போதே, கட்டி என்பதையும் அண்ணன் மறைக்கிறார் என்பதையும் சொன்னேன். நான் கத்தியதைச் சொல்லவில்லை. அதற்கு அன்றைக்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அந்த வாரமே டெஸ்ட் எடுத்தார்கள். புற்றுநோய்தான். கடைசி எபிசோடுக்கு யாரோ ஒரு இளைஞன் வந்து பேசினான். நன்றாகத்தான் பேசினான், குறை சொல்ல முடியாது. அண்ணன் என் போனை எடுக்கவே இல்லை. வீட்டுக்குப் போனால் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு அவர் குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள் என்று அண்ணி சொன்னார்.

ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் மதியம் மருத்துவமனைக்குப் போனேன். வார்டுக்கு வெளியே இரும்பு பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"நீ அன்னைக்குப் போன் பண்ணலேன்னா உயிரே போயிருக்கும்னாரு டாக்டர்" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். அண்ணனின் கையெழுத்து. 'முன்னாடியே வந்திருந்தா?' அவ்வளவுதான் எழுதியிருந்தது.

"ரெண்டு நாளா இதையே என் கையில திணிக்கறாரு. டாக்டர் என்கிட்ட தனியாச் சொல்லிட்டாரு. மூணு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா கதிர்வீச்சோட முடிஞ்சிருக்குமாம். குரல் தப்பிச்சிருக்குமாம். நான் எப்படிச் சொல்லுவேன்?"

"அண்ணி" என்றேன். "அந்த மூணு மாசமும் அவருக்குப் பதிலா கத்தினது நான். அவர் வாயை மட்டும் அசைப்பாரு. நான் கத்தலேன்னா அன்னைக்கே மாட்டியிருப்பாரு, அன்னைக்கே இங்க வந்திருப்பாரு."

ஒரு நர்ஸ் தள்ளுவண்டியோடு எங்களைக் கடந்து போனாள்.

"அவரு சொல்லாதன்னுதான் சொல்லுவாரு" என்றார் அண்ணி. "உனக்குன்னு ஒரு புத்தி வேணாம்?"

"அப்போ இல்ல, அண்ணி."

அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தாளை மடித்து என் கையில் வைத்தார். "அப்போ பதிலையும் நீயே போய்ச் சொல்லு. எனக்கு முடியல."

உள்ளே போனேன். அண்ணன் சாய்ந்து படுத்திருந்தார். கழுத்தில் ஒரு துளை, அதில் ஒரு குழாய், மூச்சு அதன் வழியாகத்தான் வந்து போனது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தாளைப் பிரித்து அவர் கண்ணில் படும்படி பிடித்தேன். மெதுவாகத் திரும்பினார்.

முன்னாடி வந்திருந்தாலும் இதேதான் அண்ணே என்று சொல்லியிருக்கலாம். அது நாக்கு நுனி வரை வந்தது. நான் சொன்னால் அவர் நம்பியிருப்பார், நிம்மதியாகத் தூங்கியும் இருப்பார்.

"குரலைக் காப்பாத்தியிருக்கலாமாம் அண்ணே" என்றேன். "மூணு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா. நான் கத்தினதாலதான் நீங்க வரல."

அவர் என்னையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்து அழுதார், குழந்தை அழுகிற மாதிரி, நெஞ்செல்லாம் குலுங்க. ஒரு சத்தமும் வரவில்லை. கழுத்துத் துளையில் காற்று மட்டும் சர்ரென்று போய்வந்தது. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் அழுது முடிக்கிறவரை அங்கேயே நின்றேன்.