ஒற்றைத் தண்டை

வெள்ளியக்கா பகலெல்லாம் ஊரார் பல்லில் அழுக்கெடுப்பாள். வீட்டுக்கு வந்தால் நகையில் அழுக்கெடுப்பாள். பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. முனை மழுங்கிவிட்டதென்று டாக்டர் தூக்கிப் போடுகிற வளைந்த ஊசிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, மலைவாசிப் பெண்கள் போட்டிருந்த பழைய வெள்ளி நகைகளின் இண்டு இடுக்குகளைக் குடைவதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு, புருஷன், பிள்ளை எல்லாம். கூடத்தில் மற்றவர்கள் டிவி வைக்கிற இடத்தில் இவள் கண்ணாடி அலமாரி வைத்திருந்தாள். வந்தவர்களை உட்காரச் சொல்வதற்கு முன்பே அலமாரி முன்னால் நிறுத்திக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவாள் என்பதால், வருகிறவர்களும் குறைந்துபோனார்கள்.

நகைகளைக் கொண்டுவருவது தம்பி. ஓரிடத்தில் நிற்கமாட்டான் என்று சின்ன வயதிலேயே பம்பரம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எவர்சில்வர் பாத்திரமும் கம்பளியும் மூட்டை கட்டிக்கொண்டு மலைக்குப் போவான். அவற்றைக் கொடுத்துப் பழைய வெள்ளி வாங்கி வருவான். நல்லது அக்காவுக்கு, மிச்சம் கடைக்கு. அம்மா கண்மூடியபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. அக்காதான் ஊட்டினாள், அடித்தாள், அடித்துவிட்டு அழுதாள். அவனைப் பற்றி யாராவது அரைச்சொல் சொன்னால் போதும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குப் போய்விடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பம்பரம் செய்தித்தாள் சுருளைப் பிரித்து ஒரு தண்டையை எடுத்து அவள் மடியில் வைத்தான். விரல் தடிமன். சுற்றிலும் மீன் செதில் போலக் கீறல் வேலை. ஆட்டினால் உள்ளே கூழாங்கற்கள் கலகலத்தன. அக்கா இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தாள்.

"யாரு போட்டதுடா?"

"பெட்டியில கிடந்ததுக்கா. ரெண்டு தலைமுறையா யாரும் தொடலயாம். பேரன் எடுத்துக் குடுத்தான்."

"இதோட ஜோடி எங்க?"

"வரும்க்கா. நாளைக்கு மறுபடி போறேன்ல, கொண்டாந்துடறேன்."

"மறந்துடாத. ஒத்தையா வச்சா மூளியா இருக்கும். ஒத்தக் காலுக்கு எவளாவது தண்டை போடுவாளா?"

பம்பரம் சிரித்துவிட்டு, ஃபேனுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தான்.

அக்கா சமையலறைத் தொட்டிக்குப் போனாள். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர், குழந்தைகள் பல் துலக்கும் பிரஷ், பழைய பனியன் துணி, டாக்டர் வீட்டு ஊசி. அவ்வளவுதான் அவள் ஆயுதம். வெள்ளியை வெளுக்க வைப்பது அவளுக்குக் கொலைபாதகம். முன்பு ஒருமுறை தம்பி ஆசையாக ஒரு காப்பைப் பல்பொடி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து நீட்டியபோது, வளர்ந்த ஆள் என்றும் பாராமல் முட்டியிலேயே ஒன்று போட்டாள். "பள்ளத்துல இருக்கிற கருப்புதாண்டா அதோட வயசு. அத அழிச்சா அப்புறம் அது தகரம்" என்றாள். அதற்குப் பிறகு அவன் எதையும் துடைப்பதுகூட இல்லை.

ஊசியைச் செதிலுக்குள் விட்டாள். பெட்டியில் கிடந்த நகையென்றால் அழுக்கு பல்காரைபோல இறுகிக் கிடக்கும். நெம்பினால் பொடிப்பொடியாக உதிரும். இதில் நெம்பவே வேண்டியிருக்கவில்லை. இளஞ்சிவப்பாக, மெழுகுபோல ஒன்று சுருண்டு வந்தது. தண்டையைத் திருப்பி உட்பக்கம் பார்த்தாள். பூட்டி வைத்திருந்தால் கறுத்திருக்க வேண்டிய இடம், தோலில் உரசி உரசி வெள்ளை வெளேரென்று இருந்தது. ஊசி முனையில் இருந்ததை நகத்தில் தடவி மோந்தாள்.

மருந்து வாசனை. அவளுக்கு நன்றாகத் தெரிந்த வாசனை.

ஈரக் கையோடு கூடத்துக்குப் போய்த் தம்பியின் பையைத் திறந்தாள். அடியில் சோப்பு டப்பா. அலைந்து திரிந்து உடம்பெல்லாம் வேர்க்குரு என்று அவன் சொரிந்துகொண்டு நின்றதைப் பார்க்கப் பொறுக்காமல், அவளே மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்த சிவப்பு சோப்பு. அதை மோந்தாள். நகத்தை மோந்தாள். மறுபடி சோப்பை மோந்தாள். வேறாக இருந்துவிடாதா என்று இருந்தது அவளுக்கு.

"எழுந்திருடா. தண்டைக்குள்ள உன் சோப்பு எப்படி வந்துச்சு?"

பம்பரம் கண்ணைத் திறந்தான். "கை கழுவியிருப்பேன்க்கா, ஒட்டியிருக்கும்."

"யாருகிட்டடா முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிற? யார் கால்ல இருந்துடா உருவின?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். சின்ன வயதில் பென்சில் திருடி மாட்டிக்கொண்டபோது பாயின் ஓரத்தைப் பிய்த்தானே, அதேபோல இப்போதும் பிய்த்தான்.

"ஒரு அம்மாக்கா. காய்ச்சலா படுத்திருந்துச்சு. காலு ரெண்டும் வீங்கிக் கிடந்துச்சு. கழட்டினா வலி குறையும்னேன். சோப்பு போட்டு இழுத்ததுல ஒண்ணு வந்துடுச்சு. இன்னொண்ணுக்கு ரொம்பக் கத்துச்சு. சரி, வீக்கம் வடியட்டும்னு விட்டுட்டு வந்தேன்."

"எடுத்துக்கோன்னு சொன்னாளா?"

அவன் பாயிலிருந்து இன்னொரு கோரையை உருவினான்.

"சொல்லுடா. என்ன சொல்லி எடுத்துட்டு வந்த?"

"கழுவித் தர்றேன்னு சொன்னேன்." அவன் குரல் இறங்கிவிட்டது. "எங்கக்காவுக்கு இதான் வேலை, புதுசாட்டம் பளபளன்னு ஆக்கித் தரும்னேன். கறுத்துப் போச்சேன்னு அதுக்கும் வருத்தம் இருந்துச்சு. பத்திரமா கொண்டாந்துடு சாமின்னுச்சு. அது இன்னும் எத்தன நாளைக்கு இருக்கப் போவுதுன்னு நெனச்சேன்க்கா. நீயும்தான எப்பப் பாத்தாலும் ஜோடி எங்க, ஜோடி எங்கன்னு கேக்கற."

அக்கா கையை ஓங்கினாள். கை பாதியிலேயே நின்றது. அவன் கடைசியாகச் சொன்னது உண்மைதான், ஜோடி கேட்டது அவள்தான். எங்கோ ஒரு குடிசையில் வீங்கிய கால் ஒன்று மூளியாகக் கிடக்கிறது. காய்ச்சலில் கண்திறக்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டு, முகம் தெரியாத ஓர் அக்காவை நம்பிக்கொண்டு ஒருத்தி படுத்திருக்கிறாள். இவளோ காலையில் ஜோடி இல்லையென்று குறைப்பட்டாள். அவமானத்தில் அவளுக்குக் காது இரண்டும் எரிந்தன.

தொட்டிக்குத் திரும்பினாள். பூந்திக்கொட்டைத் தண்ணீரைக் கவிழ்த்தாள். பாத்திரம் தேய்க்கிற பவுடரைக் கைநிறைய அள்ளித் தண்டைமேல் கொட்டி, கம்பி நாரை எடுத்து அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள்.

பம்பரம் ஓடிவந்தான். "அக்கா! என்ன பண்ற? கருப்பெல்லாம் போயிடும்க்கா!"

"போகட்டும்."

"அப்புறம் ஒரு கடைக்காரன் தொடமாட்டான்!"

"அதுக்குத்தான் தேய்க்கறேன். பளபளன்னு ஆக்கித் தரும்னு வாக்கு குடுத்தியே, என்னைக் கேட்டுக்கிட்டா குடுத்த? நாளைக்கு நானும் வர்றேன். நானே போட்டுவிடறேன். முதல்ல அந்தம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும். அவ இல்லாம போயிருந்தா உன்னைய என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

கறுப்புத் தண்ணீர் தொட்டியில் சுழன்று இறங்கியது. செதில்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. இத்தனை வருஷம் அவள் பொத்திப் பொத்திக் காத்த கறுப்பு. அழுகை வந்தது, துடைக்கக் கை இல்லை, அழுதுகொண்டே தேய்த்தாள்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. வரக் கூடாதென்று எவ்வளவோ அடக்கிப் பார்த்தும் வந்துவிட்டது.

"தம்பி." திரும்பாமலே கேட்டாள். "அலமாரியில இருக்கறதுல இன்னும் எதாவது, கழுவித் தர்றேன்னு சொல்லி வாங்கினது இருக்கா?"

அவன் நடந்து போகும் சத்தம் கேட்டது. வெளியே போகிறான், ஓடிப்போகிறான் என்று நினைத்தாள். கண்ணாடிக் கதவு திறந்தது.

திரும்பி வந்தவன் தொட்டி மேடையில் ஒரு கழுத்து வளையத்தை வைத்தான். வருகிறவர்களிடமெல்லாம் அவள் முதலில் எடுத்துக் காட்டுவது அது. அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. அவன் மறுபடி கூடத்துக்குப் போனான். அலமாரிக் கதவை அவன் இன்னும் சாத்தியிருக்கவில்லை.