நினைவகத்தில் மட்டும் இருந்தது

"அண்ணி, தப்பா நினைச்சுக்காதீங்க. அண்ணனோட லேப்டாப் கொஞ்சம் வேணும்."

கூடத்தில் அவள் கணவனைக் கிடத்தியிருந்தார்கள். கேட்டவன் அவருடன் வேலை பார்த்த சோடாபுட்டி. தடித்த கண்ணாடிக்காக அவரே வைத்த பெயர். துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் கேட்கிற கேள்வியா இது என்று நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். இவளுக்குத் தவறாகப் படவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெட்டியைச் சக்களத்தி என்று திட்டியவள்தான். அவனை உள்ளறைக்கு அழைத்துப் போய், ஆஸ்பத்திரிப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள்.

அவருக்கு வேலை, கணினியை உள்ளிருந்து நடத்தும் கெர்னல் என்ற நிரலில். நினைவகத்தில் ஒரு பக்கம் மாறினால் கெர்னல் அதற்கு ஓர் அடையாளம் போடும். பிறகு நேரம் பார்த்து, அடையாளம் போட்ட பக்கங்களை மட்டும் டிஸ்கில் எழுதும். அதற்குள் கரண்ட் போனால் மாறியதெல்லாம் போச்சு. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இதையே கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். எங்கேயோ ஓர் அடையாளம், பக்கம் எழுதப்படும் முன்பே அழிந்துபோய், யார் யாருடைய கோப்புகளோ பாழாகிக்கொண்டிருந்தன. அதைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று படுக்கையிலும் பெட்டியும் கையுமாகக் கிடந்தார்.

சாவதற்கு இரண்டு நாள் முன்னால், காலையில், "பிடிச்சுட்டேன்டா, சாயங்காலம் அனுப்புறேன்" என்று போனில் சொன்னாராம். அந்தத் திருத்தம் வந்து சேரவில்லை. அது கிடைத்தால் அவர் பெயரிலேயே கெர்னலில் சேர்த்துவிடலாம், உலகம் பூராவும் உள்ள கணினிகளில் ஓடும் என்றான் சோடாபுட்டி. விடிந்ததிலிருந்து முதல்முறையாக அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கடவுச்சொல்லை அவளே அடித்துக் கொடுத்தாள்.

தேடிக்கொண்டே போனவனின் விரல்கள் நின்றன.

"அண்ணி, இது நடுவுல திடீர்னு ஆஃப் ஆச்சா?"

போனில் சொன்ன அன்றே பிற்பகல் அவர் உட்கார்ந்தபடியே அசந்து தூங்கியிருந்தார். மடியில் பெட்டி சூடேறி இரைந்தது. எழுப்ப மனம் வராமல், அணைகிறவரை பொத்தானை அழுத்திப் பிடித்து எடுத்துவைத்தாள். விழித்ததும் கேட்டார், சொன்னாள். மூடிய பெட்டியையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வேலை முடிந்துவிட்டது, நீ இப்படி வந்து உட்கார் என்றார்.

அப்புறம் அவர் அதைத் தொடவே இல்லை. வாய் ஓயாமல் பேசினார். ஸ்கூட்டர் ஓட்டப் பழகிய புதிதில் அவள் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்ச் சாக்கடையில் தள்ளிய கதையைச் சொல்லி, மூச்சு போதாமல் சிரித்தார். சக்களத்தி ஒழிந்தாள் என்று அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட.

"நான்தான் அணைச்சேன்," என்றாள். "என்ன போச்சு?"

 வேகமாக ஓட வேண்டும் என்று எல்லாவற்றையும் நினைவகத்திலேயே போட்டு வைத்திருக்கிறார், டிஸ்கில் ஒரு வரிகூட இல்லை, எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற அசட்டுத்தனம்தான், உங்கள் மேல் தப்பே இல்லை என்று சோடாபுட்டி தட்டுத் தடுமாறிச் சொன்னான்.  இத்தனை நாள் உழைப்பை ஒரே அழுத்தில் துடைத்திருக்கிறாள். மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"திரும்ப எழுதணும்னா அவருக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்?"

"அண்ணனுக்கா? அதான் எங்கன்னு தெரிஞ்சிருச்சே. ஒரு நாள் உக்காந்தா முடிச்சிருப்பாரு."

அவள் பெட்டியை மூடினாள்.

"ரெண்டு நாள் இருந்துச்சே அவருக்கு," என்றாள்.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். வண்டி வந்துவிட்டது, கிளம்ப வேண்டியதுதான் என்று நாத்தனார் வந்து நின்றாள். கொஞ்சம் பொறுக்கச் சொல் என்றுவிட்டு அவள் கூடத்துக்குப் போய், கணவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வாசலில் ஓட்டுநர் இன்ஜினை நிறுத்தினார்.