கலப்படமில்லாத சுருட்டு

காலை ஆறு மணிக்கு டெய்லர் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று செடிகளைக் கொஞ்சிக்கொண்டிருந்தார். பெற்ற மகளிடம்கூட அவர் அப்படிக் குழைந்து பேசியது கிடையாது. நாற்பது புகையிலைச் செடிகள். இடுப்புக்கு மேல் உயரம், ஒவ்வொரு இலையிலும் ஒரு குழந்தையைப் படுக்கவைக்கலாம் போல அகலம். மொட்டு விட்டால் கிள்ளச் சொல்வார், பக்கக்கிளை தலைகாட்டினால் ஒடிக்கச் சொல்வார். சத்து முழுக்க இலைக்கே போக வேண்டுமாம்.

"அடி இலையிலேர்ந்து பறி. மஞ்சள் தட்டினது மட்டும் போதும். பனி காயறதுக்குள்ள முடிச்சுடணும்," என்றார்.

இந்தக் கட்டளை யாருக்கு என்று கேட்கிறீர்களா? அவருடைய மனைவிக்குத்தான். அந்த அம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்த செடிகளுக்கு நடுவில் குனிந்து, இலைகளை ஒடித்து ஒடித்து இடது கையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை ஈரம். உள்ளங்கையில் கருப்பாகப் பிசின்.

பனியோடுதான் பறிக்க வேண்டும் என்பது டெய்லரின் இந்த வருஷத்துச் சொந்தக் கண்டுபிடிப்பு. லேசாக ஈரமிருக்கிற துணிதானே இஸ்திரிக்குப் படியும்? இலைக்கும் அதே நியாயம்தான் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். முப்பது வருஷம் துணியோடு பழகிய மனிதருக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் துணியாகத்தான் தெரியும்.

பறித்த பிறகும் அந்த அம்மாளுக்கு விடுதலை இல்லை. காஜா எடுத்து, பட்டன் தைத்துப் பழகிய கை. சாக்குத் தைக்கிற ஊசியை எடுத்து, ஒவ்வொரு இலையின் நடு நரம்பிலும் குத்தி, முப்பது முப்பதாகச் சரம் கோத்து, பின்னறையில் கட்டித் தொங்கவிடுவாள். தைத்து முடித்த சட்டைகளை மாட்டுகிற கம்பிகள்தான் இப்போது இலைகளுக்கு. சட்டைகள் நாற்காலி முதுகில் கிடந்தன. ஆறு வாரத்தில் இலை காய்ந்து பழுப்பேறும். பிறகு தகரப்பெட்டியில் அடுக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்து, மூடி மேல் பாரம் வைத்துப் பதப்படுத்த வேண்டும்.

சுருட்டு சுற்றும்போது மட்டும் டெய்லர் களத்தில் இறங்குவார். காய்ந்த இலை கையில் ஒட்டாது பாருங்கள்! மேல் இலையைத் துணிக்கத்தரியால் கிராஸாக வெட்டி, உள்ளே தூளை வைத்துச் சுற்றி, பசை தடவி, இஞ்ச் டேப்பால் அளந்து பார்ப்பார். ஐந்தரை அங்குலம். நூலளவு பிசகாது.

"கடையில விக்கறதெல்லாம் காகிதம், மருந்து, கலப்படம். அதைக் குடிச்சா நோய் வராம என்ன செய்யும்? இது நம்ம மண்ணு, நம்ம கெணத்துத் தண்ணி. கீரை மாதிரி!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடிப்பார்.

கீரை தின்றுவிட்டு விடியவிடிய இருமுகிற மனிதரை நான் பார்த்ததில்லை. டெய்லர் இருமுவார். கேட்டால் தொண்டையில் நூல்தூசி என்பார்.

இந்தப் பிரசங்கத்துக்கு நிரந்தரச் சீடர் ஒருவர் இருந்தார், தபால்காரர். வேலை முடிந்து சாயங்காலம் தவறாமல் வீட்டு முன்னறையிலிருக்கும் தையல்கடைக்கு வருவார். ஓசிச் சுருட்டு என்றால் அவருக்கு மழையும் கிடையாது, வெயிலும் கிடையாது. கடிதத்தை உரியவரிடம் மட்டும் கொடுப்பார், சேதியை ஊருக்கே கொடுப்பார்.

அறுவடை தொடங்கிய இரண்டாவது வாரத்திலிருந்து டெய்லர் மனைவிக்கு உடம்பு சரியில்லை. காலை எட்டு மணியானால் தலை சுற்றும். ஒன்பது மணிக்கு வாந்தி. டீ வாசனையே ஆகவில்லை. மத்தியானம் சுருண்டு படுத்தால் ராத்திரி கொஞ்சம் தெளியும். மறுநாள் காலை மறுபடியும் அதே கதை. நடுவில் மூன்று நாள் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு வாந்தி இல்லை, மயக்கம் இல்லை, கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். திரும்பி வந்து ஒரு சரம் கோத்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

"பித்தமா இருக்கும். எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடி," என்றார் டெய்லர், மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

தபால்காரர் அப்படி அலட்சியமாக விடுகிற ஆளா? வாசலில் நின்று கூர்ந்து கவனித்தார். அவருக்கு நான்கு பிள்ளைகள். இந்த விஷயத்தில் தன்னை விட்டால் ஆள் கிடையாது என்கிற நினைப்பு.

"அண்ணே, அண்ணிக்கு எத்தனை நாளா இப்படி?"

"ஒரு பத்து நாளா."

"காலையிலதானா?"

"ஆமா, காலையிலதான்."

தபால்காரர் டெய்லரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க பெரிய ஆளுண்ணே!"

டெய்லருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் கையிலிருந்த கத்தரி நழுவிக் கால் பக்கத்தில் விழுந்தது. "யோவ், அவளுக்கு நாப்பத்தாறு வயசுய்யா!"

"எங்க பெரியம்மாவுக்கு நாப்பத்தெட்டுல பொறந்தானே ஒருத்தன்! இப்ப லாரி ஓட்டறான்."

மறுநாள் தபால்பை காலியாவதற்குள் ஏழு தெருவுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. பட்டன் தைக்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். சாயங்காலம் மகள் போனில் அழைத்தாள்.

"அப்பா, நான் கேள்விப்படறது நெஜமா? என் பையன் ரெண்டாவது படிக்கிறான். அவனுக்கு அவனை விடச் சின்னதா ஒரு மாமனா? என் மாமியார் மூஞ்சியில நான் எப்படிப்பா முழிப்பேன்?"

"நான் என்னம்மா செய்யறது, ஆண்டவன் குடுக்கறான்," என்று டெய்லர் இழுத்தார். குரலில் வெட்கம் பாதி, பெருமை பாதி. போனை வைத்ததும் கண்ணாடி முன்னால் நின்று மீசையை ஒரு தடவை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். அப்புறம் வெட்டுத்துணிகளைக் கிளறி, ஒரு முழம் வெள்ளைப் பருத்தி எடுத்து, யாருக்கும் தெரியாமல் உள்ளங்கையகலத்துக்கு ஒரு சட்டை தைத்தார்.

அது மனைவி கண்ணில் பட்டுவிட்டது. "இது யாருக்கு?"

"சும்மா... ஒருவேளை..."

"ஒருவேளையும் இல்ல, ரெண்டு வேளையும் இல்ல. எனக்கு அதெல்லாம் ஒண்ணும் கெடையாதுன்னு எனக்குத் தெரியாதா? ஊரே சிரிக்குது, நீங்களும் சேர்ந்துக்கிட்டு ஆடுறீங்க. எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ ஆகுதுங்க. பயமா இருக்கு."

டெய்லர் அதைக் காதில் போட்டுக்கொண்டாரா என்றால், போட்டுக்கொள்ளவில்லை. வானம் கறுத்திருந்தது. அடுத்த வாரத்துக்குள் நடு இலைகளைப் பறித்துவிட வேண்டுமே என்ற கவலை அவருக்கு.

ராத்திரி மழை கொட்டித் தீர்த்தது. காலையில் இலையெல்லாம் தண்ணீர் தாங்கி நின்றன. "இன்னிக்குப் பறிச்சா பட்டு மாதிரி இருக்கும்!" என்று டெய்லர் குதூகலித்தார். மனைவி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். நான்காவது வரிசையில் பறித்துக்கொண்டிருந்தவள் ஒரு கையால் காற்றைப் பிடிக்கப் பார்த்தாள். அப்புறம் அப்படியே சேற்றில் சரிந்தாள்.

டெய்லர் ஓடினார். முகம் வெளுத்துக் கிடந்தது. உடம்பு சில்லென்று வேர்த்துக் கொட்டியது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. "ஏய், இங்க பாரு... என்னைப் பாரும்மா!" என்று கத்தினார். இருபத்தேழு வருஷத்தில் அவர் அவளை 'அம்மா' என்று கூப்பிட்டது அன்றுதான். ஆட்டோவில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி போகிற வரைக்கும் அவருக்கு அந்தக் குட்டிச் சட்டையும் ஞாபகமில்லை, இலையும் ஞாபகமில்லை. இவள் இல்லாமல் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்ற ஒரே நினைப்புதான் திரும்பத் திரும்ப வந்தது.

டாக்டரம்மா சோதித்தாள், ஊசி போட்டாள், பாட்டில் ஏற்றினாள். இரண்டு மணி நேரத்தில் கண் திறந்தது.

"டாக்டர், கொழந்தைக்கு ஒண்ணும் ஆபத்தில்லையே?" என்று கேட்டுவிட்டார் டெய்லர்.

"எந்தக் கொழந்தை?" டாக்டரம்மா காகிதத்தைப் புரட்டினாள். "அப்படி எதுவும் இல்லைங்க." பிறகு நோயாளியின் கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை கருத்து, விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. முகர்ந்து பார்த்தாள். "நீங்க சுருட்டு குடிப்பீங்களாம்மா?"

படுத்திருந்தவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு தெம்பு வந்ததோ! "நானா? அந்தக் கருமத்தையா? பக்கத்துல வந்தாலே மூக்கைப் பொத்திக்குவேன்!"

"இவங்க சுருட்டைத் தொட்டது கூட இல்லை டாக்டர். இலையைத்தான் பறிப்பாங்க, கோப்பாங்க. நம்ம வீட்டு இலை. மருந்து அடிக்காதது, சுத்தமானது," என்றார் டெய்லர்.

"ஈரத்தோட பறிப்பாங்களா?"

"பனியோடதான். அப்பதான் இலை படியும்."

டாக்டரம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "உங்க மனைவிக்கு வந்திருக்கிறது புகையிலை விஷம். மருந்து அடிக்கலைன்னா என்ன, விஷம் அந்த இலைக்குள்ளேயே இருக்கு. ஈரத்துல கரைஞ்சு தோல் வழியா உள்ள போயிடும். இவங்களுக்கு விரல் பூரா ஊசிக்குத்து வேற. நீங்க வாயால குடிக்கிறதை இவங்க கையால குடிச்சுட்டு இருந்திருக்காங்க. ஆமா, இவ்வளவு ஆசையா வளர்க்கிற நீங்க ஏன் பறிக்கிறதில்லை?"

"எனக்குக் கையில பிசின் ஒட்டிக்கும் டாக்டர். நான் வெள்ளைத்துணி வெட்டறவன். ஊரான் துணியில கறை பட்டுட்டா..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். தன் வாயிலிருந்து வந்தது தன் காதிலேயே விழுந்துவிட்டது. கட்டிலைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்க்கவில்லை, மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

மறுநாள் வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்கவைத்துவிட்டு, டெய்லர் இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனார். நாற்பது செடியையும் வேரோடு பிடுங்கினார். ஓரமாகக் குழி வெட்டினார். பின்னறைச் சரங்களை அறுத்து அதில் போட்டார். கடைசியில் போன வருஷத்துப் பதமான இலையும் சுற்றிய சுருட்டும் இருந்த பெட்டியைத் தூக்கியபோது கை தயங்கியது. பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா?

"இங்க பாரு," என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். "செடியெல்லாம் போச்சு. இது மட்டும் சுத்தினது... வீணாத்தானே போகும்? இதை முடிச்சுட்டு நாளையிலேர்ந்து..."

"எந்த நாளைக்கு?" உள்ளேயிருந்து தளர்ந்த குரல் வந்தது. "கஸ்டமர்கிட்ட சொல்லுவீங்களே, அந்த நாளைக்கா?"

டெய்லருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. உலகத்தில் எந்த டெய்லருடைய 'நாளைக்கு'தான் மறுநாள் வந்திருக்கிறது? பெட்டியைக் கவிழ்த்துவிட்டு, ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, மண்ணைத் தள்ளி மூடினார்.

அடுத்த நான்கு நாள் அவர் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல. எரிந்து எரிந்து விழுந்தார். குறி போடுகிற சாக்பீஸை வாயில் வைத்துக் கடித்தார். ஒரு பேண்டுக்கு மூன்று கால் வெட்டினார். ஆனால் குழி பக்கம் போகவில்லை. காஜாவும் பட்டனும்கூட அவரே தைத்தார், மனைவியை எழுந்திருக்க விடவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் தபால்காரர் வந்து உரிமையோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். "அண்ணே, ஒண்ணு எடுங்க. இன்னிக்கு அலைச்சல் ஜாஸ்தி."

"கெடையாது. எல்லாத்தையும் பொதைச்சாச்சு."

"என்னண்ணே இது! அண்ணி ஈர இலையைத் தொட்டாங்க, வெஷம் ஏறிச்சு. சரி, அது ஒரு நியாயம். எங்க வீட்டுல யாரும் இலையைத் தொடறதில்லையே! குடிக்கிறது நான் ஒருத்தன். வந்தா எனக்குத்தான் வரப்போகுது."

டெய்லர் மெஷினை நிறுத்தினார்.

"வீட்டுல எங்க உக்காந்து குடிப்பே?"

"கட்டில்லதான். படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு."

"உன் கடைசிப் பொண்ணு எங்க படுக்கும்?"

"அதே ரூம்லதான். அதுக்குத்தான் பாவம், எப்பப் பாரு இருமல். தூசி ஒத்துக்கலைன்னு..."

"நானும் உன்னை மாதிரிதான்யா இருந்தேன்," என்றார் டெய்லர். "வீட்டுல வளர்த்தது, சுத்தமானதுன்னு எனக்கு நானே பொய் சொல்லிக்கிட்டேன். வீட்டுல வளர்த்தாலும் கடையில வாங்கினாலும் புகையிலை வெஷம்தான். அதை ஒருத்தன் மட்டும் குடிக்கவே முடியாது. அவன் வாயில வச்சா வீடு பூரா குடிக்குது. நீ ஒருத்தன்தான் குடிக்கிறேங்கிறியே, உன் வீட்டுல மத்தவங்க யாரும் மூச்சு விடறதில்லையா?"

தபால்காரர் சட்டைப்பைக்குள் கையை விட்டார். போன வாரம் மிச்சம் வைத்திருந்த அரைச்சுருட்டு ஒன்று இருந்தது. அதை எடுத்துக் கத்தரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தார். அன்றைக்கு அவர் எந்த வாசலிலும் நின்று பேசவில்லை. நேராக வீட்டுக்குப் போய், மகள் படுக்கிற அறையின் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டார்.