மந்தைவெளி கிளையில் ஒரு ஆள் கூடுதல்

…கூடுதல் என்ற சொல் என்னுடையதுதான், ஜெசிந்தா அக்கா அப்படிச் சொல்லவில்லை, அவள் சொன்னது வேறு, அதுவும் சிரித்துக்கொண்டே சொன்னாள்… ஆழ்வார்பேட்டை சிக்னலில் கார் நிற்கிறது, மணி பத்தேகால், பைக்குள் இரண்டு கடிதங்கள். நாலு மாதத்துக்கு முன் இதே வழியில் அந்த ரத்தப் பரிசோதனை லேபுக்குப் போனபோது பையில் லேப்டாப் மட்டும்தான் இருந்தது. எங்கள் கம்பெனி அந்த லேப்களை மொத்தமாக வாங்க யோசித்துக்கொண்டிருந்த நேரம், வாங்குவதற்கு முன் உள்ளே போய்த் தோண்டித் துருவிப் பார்ப்பது என் வேலை, டியூ டிலிஜென்ஸ் என்போம். மந்தைவெளி கிளையில் மூன்று நாள் உட்கார்ந்தேன், யார் எத்தனை பேருக்கு ரத்தம் எடுக்கிறார்கள், யார் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார்கள்… “இன்னா பாப்பா, காலையிலேர்ந்து எழுதிக்கினே கீற, எதுனா சாப்ட்டியா” என்று கிளைப் பொறுப்பாளர் ஜெசிந்தா அக்கா தன் டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள், நெத்திலி வறுவல், அதைத் தின்றுகொண்டேதான் கேட்டேன், இங்கே நாலு பேர் தேவையாக்கா என்று. மூணு பேர் போதும், தாரணிக்கு மூணாம் மாசம், ஒரே வாந்தி, அவ வேலையும் நானே பாத்துக்கினு கீறேன், யாராண்டயும் சொல்லாத என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை, எழுதினேன், ஒரு ஆள் கூடுதல் என்று.

அந்த ஒரு வரியைத்தான் என் மேலதிகாரி ராஜகோபாலன் சார் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினார். “ரிப்போர்ட் எழுதறவா நிறைய பேர் இருக்கா அஃப்ரா, செஞ்சு முடிக்கறவாதான் மேல வருவா” என்று என்னை ஆபரேஷன்ஸுக்கு மாற்றினார், அதாவது வாங்கிய கம்பெனியை நாங்கள் நடத்தும் பக்கம். அம்மாவை நான் அம்மி என்பேன், பிரமோஷன் என்று அம்மி அபார்ட்மென்ட் முழுக்கச் சொல்லிவிட்டாள். முதல் வேலையே இதுதான், மந்தைவெளியில் ஒருவரை வேலையை விட்டு நிறுத்து, யாரென்று நீயே முடிவு செய். தாரணியை நிறுத்த முடியாது, கர்ப்பிணி, கோர்ட்டுக்குப் போனால் நமக்குத்தான் கஷ்டம், மீதி மூவரில் பத்தொன்பது வருஷம், பெரிய சம்பளம், ஜெசிந்தா அக்காதான்… பட்டியலே சொல்லிவிட்டது, இல்லை, பட்டியலைச் சம்பள வரிசையில் அடுக்கியது யார்? பைக்குள் ஒரு கடிதம் நாங்கள் நிறுத்துவதாக, ஆறு மாதச் சம்பளத்தோடு. இன்னொன்று அவளாகவே விலகுவதாக, அதில் ஒன்றும் கிடையாது. எதற்கும் ரெண்டும் இருக்கட்டும் என்றார் சார்.

உள்ளே போனதும் ஜெசிந்தா அக்காவுக்குப் புரிந்துவிட்டது, ஆனால் தப்பாகப் புரிந்தது. இந்தத் தடவை பாப்பா இல்லை, மேடம். கதவைச் சாத்திவிட்டு, “தாரணிக்குத் தானே வந்தீங்க மேடம்” என்றாள், நான் மறுக்கவில்லை, ஏன் மறுக்கவில்லை… “ஏழு மாசம் அவளுக்கு, இப்போ அனுப்புனா எங்க போவா, வேணும்னா என்ன எடுத்துக்கோங்க.” சும்மா பேச்சுக்குச் சொல்வதுதான், எல்லோரும் சொல்வதுதான், என் அம்மியே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் என் கை பைக்குள் போயிருந்தது, இரண்டாவது கடிதம் மேஜையில் இருந்தது. “அப்போ தாரணி இருப்பாங்கக்கா, நீங்க இதுல கையெழுத்து போட்டா போதும்.” அவள் என்னைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், கண்ணாடிக்கு வெளியே நாற்காலியில் சாய்ந்திருந்த தாரணியைப் பார்த்தாள். இப்போது சொல்லலாம், தாரணிக்கு ஆபத்தே இல்லையென்று, ஒரு வாக்கியம்தான்… “ஜான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கவா” என்றாள். கேட்டுக்கோங்க, ஆனா நான் பன்னெண்டு மணிக்குள்ள போகணும் என்றேன், அப்படி எதுவும் இல்லை. புருஷனுக்கு மூன்று முறை போன் அடித்தாள், காசிமேட்டு மீன் ஏலச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது. கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த டோக்கன் என்று வெளியே குரல் வந்தது, அவள் எழுந்து போனாள், மாலைவரை டியூட்டி இருக்கிறதே. வெறும் வயிற்றோடு வந்திருந்த பெரியவர் ஒருவரின் புஜத்தில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தட்டினாள். கார் கீழே காத்திருக்கிறது, நான் இன்னும் கதவோரம் நிற்கிறேன். ஊசி முதல் தடவையிலேயே ஏறியது, “வலிச்சுதா நைனா” என்று அவரிடம் கேட்டாள், விரல் ஒன்றுகூட நடுங்கவில்லை. நடுங்கும் என்றுதான் நின்றேனா… நடுங்கியிருந்தால் ஓடிப்போய்க் கடிதத்தைக் கிழித்திருப்பேனா, இல்லை, அதையும் குறித்துக்கொண்டிருப்பேனா?