பிளைமவுத்துக்குப் பூட்டிய மாடுகள்

பழைய கார் வைத்திருக்கும் நாங்கள் ஞாயிறுதோறும் மணவாள நகர் டீக்கடையில் கூடுவோம். சேற்றில் சிக்கிய என் மோரிஸை மாடு கட்டி இழுத்த கதையை ஆதிநாராயணன் வாராவாரம் சொல்லிச் சிரிப்பான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு டீ குடிப்பேன்.

எழுபத்திரண்டில் ஒரு ஞாயிறு, கடைக்கு வரும் வழியில் பெட்ரோல் தீர்ந்து அவனுடைய பிளைமவுத் காக்களூரில் நின்றுவிட்டது. பின்னாலேயே நான் வந்தேன்.

"கயிறு கீதா, மாணிக்கம்? உன் வண்டில கட்டி இஸ்துக்கினு போயேன்."

"கீது. இரு, வரேன்."

பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்த தேசப்பனைக் கேட்டு, அவர் மாடுகளை ஓட்டிவந்து பிளைமவுத்தில் நானே கட்டினேன். பிறகு என் மோரிஸில் பின்தொடர்ந்தேன். டீக்கடையிலிருந்து எல்லோரும் வெளியே வரும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.