மிச்சமான இருபது நிமிடம்

ஐந்து மணிக்கு லைன் நின்றது. கார்களுக்கான வயர்க்கட்டுகளை வைத்துப் பின்னும் பலகைகள் கன்வேயரில் ஆங்காங்கே உறைந்தன. பெண்கள் கையுறைகளைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, தினசரி மீட்டிங்குக்காகத் தரையிலிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். ரஞ்சனி ஓரத்தில் நின்றாள். அங்கே நின்றால்தான் ஷட்டர் இடைவெளியில் ஒரகடம் சாலை தெரியும்.

சூப்பர்வைசர் விஜயராகவன், கார் கம்பெனி குறை சொல்லித் திருப்பி அனுப்பிய ஒரு வயர்க்கட்டைத் தூக்கிக் காட்டினார். அதைப் பற்றிப் பேசி முடித்ததும் போன மாதம் திரும்பி வந்ததைப் பற்றிப் பேசினார். பிறகு ஒழுக்கம். பிறகு, தான் டிரெயினியாகச் சேர்ந்த காலம். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு கதை வரும். படப்பை வழியாகத் தாம்பரம் போகும் பஸ் ஷட்டர் இடைவெளியை ஒரு நொடி அடைத்துவிட்டுப் போனது.

"போச்சா?" என்று பக்கத்திலிருந்து கிசுகிசுத்தாள் சுந்தராம்பாள். லைனில் ரஞ்சனிக்கு அடுத்த இடம் அவளுடையது.

"போச்சுக்கா."

மீட்டிங் ஐந்தரைக்குத்தான் முடிந்தது.

படப்பையைத் தாண்டி ஒரு பாலிடெக்னிக்கில் ரஞ்சனி மாலை நேர டிப்ளமோ படித்தாள். முதல் வகுப்பு பொறியியல் வரைபடம். வருகை எடுத்ததும் ஆசிரியர் கதவைச் சாத்திவிடுவார். அடுத்த பஸ்ஸில் போனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே வரைபலகைகளின் மேல் டி-ஸ்கொயர் அளவுகோல்கள் உரசி நகரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஜன்னலோரப் பலகை அவளுடையது. அதன் முன்னால் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்களோ என்று நினைத்துக்கொள்வாள். வருகை இன்னும் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்று பாலிடெக்னிக் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். டிப்ளமோ முடித்தால் கான்ட்ராக்டிலிருந்து குவாலிட்டி லேபுக்கு எடுப்பார்கள் என்று கம்பெனியில் ஒரு பேச்சு இருந்தது. அது உண்மைதானா என்று அவள் யாரிடமும் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால்?

அந்தச் சமயத்தில்தான் மீட்டிங் நடத்தும் முறையைக் கற்றுக்கொடுக்கச் சென்னையிலிருந்து இனியவன் என்ற பயிற்சியாளர் வந்தார்.

"ஒருத்தருக்கு ஒரு விஷயம். சுத்தி வளைக்கக் கூடாது. உடனே முடிவு பண்ண முடியாததை போர்டுல 'பிறகு'ன்னு ஒரு கட்டம் போட்டு எழுதிட்டு நகர்ந்துடணும். பத்து நிமிஷம்தான். மணி அடிச்சா முடிஞ்சுது." உச்சியில் தட்டினால் ஒலிக்கும் சின்ன மணியொன்றை மேசையில் வைத்தார். "யாரு வச்சுக்கிறீங்க?"

"ரஞ்சனிகிட்ட குடுங்க சார்," என்றான் லைன் லீடர் பிரவீன். "பஸ்ஸு வர்றதுக்குள்ள எங்க எல்லாரையும் வூட்டுக்குத் தொரத்திடும்."

முதல் நாள் பத்து நிமிடம் ஆனபோது விஜயராகவன் டிரெயினி காலத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தார். ரஞ்சனியின் விரல் மணிமேல் போய் நின்றது. தட்டினால் கோபித்துக்கொள்வாரா? தட்டாவிட்டால் எதற்கு இந்த மணி? கண்ணை மூடிக்கொண்டு தட்டினாள். 

"பள்ளிக்கூடம் வுட்டாச்சு!" என்றாள் சுந்தராம்பாள். வரிசை முழுவதும் சிரித்தது. இனியவன் பக்கத்தில் நின்றதால் விஜயராகவனும் சிரிக்கவேண்டியதாயிற்று.

அன்று பஸ் கிடைத்தது. ஜன்னலோரப் பலகை காலியாகத்தான் இருந்தது. பென்சிலைக் கூராக்கி முதல் கோட்டை இழுத்தபோது, யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அடுத்து வந்த நாட்களிலும் அவள் போய்ச் சேருவதற்குள் கதவு சாத்தப்படவில்லை.

லைனில் யாராவது கழிப்பறைக்குப் போனால் அந்த இடத்தில் நிற்க ரிலீவர் என்று ஒரு பெண் இருந்தாள். அவளை வேறு லைனுக்கு மாற்றிவிட்டார்கள். சுந்தராம்பாள் அதைச் சொல்ல மீட்டிங்கில் கை தூக்கினாள்.

"சார், அந்த ரிலீவர் பொண்ணு..."

பத்து நிமிடம் ஆகிவிட்டது. ரஞ்சனி மணியைத் தட்டினாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் சுந்தராம்பாள் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி, நான் வாயத் தொறந்தாலே டிங்குங்குது?"

"டைம் ஆயிடுச்சுக்கா. இன்னைக்கு முதல்லயே சொல்லிடுங்க."

"முதல்ல அந்தாளு பேசுறாரு. கடைசில நீ அடிக்கிற. நடுவுல நான் எங்கடி பூர்றது?" சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "காலைலருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல நானு. குடிச்சா போவணும், போனா பலகை ஓடிடும். நீர்க்கடுப்பு உயிர் போவுது. டாக்டரு நெறைய தண்ணி குடிம்மான்றாரு. அவருக்கு இன்னா, வாய் கீது, சொல்லுவாரு."

ரஞ்சனியின் கையில் தம்ளர் நிறைந்து வழிந்தது. "இன்னைக்கு அடிக்க மாட்டேன்க்கா. நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் அடிக்க மாட்டேன்."

அன்று மாலை விஜயராகவன் முடித்ததும் சுந்தராம்பாள் கை தூக்கினாள். "சார், லேடீஸுக்கு ஒரு கஷ்டம். எப்டி சொல்றதுன்னு..." தயங்கினாள். ஆண்கள் நிற்கும் பக்கம் பார்த்தாள். திரும்ப ஆரம்பித்தாள். சாலையில் பஸ் ஹாரன் கேட்டது. இன்னும் ஒரு நிமிடம் நின்றால் போதும் என்று ரஞ்சனி தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல் தட்டிவிட்டது.

பிரவீன் 'பிறகு' கட்டத்தில் 'ரிலீவர்' என்று எழுதினான். சுந்தராம்பாள் அவள் பக்கம் திரும்பவில்லை. வகுப்பில் அன்று ரஞ்சனி ஒரே கோட்டை அழித்து அழித்து வரைந்தாள். தாள் கிழிந்தது.

வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்கு மேனேஜரே வந்தார். ரஞ்சனிக்காக எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

"அரை மணி நேர மீட்டிங்கைப் பத்து நிமிஷமா ஆக்கியிருக்கீங்க. தினமும் இருபது நிமிஷம் மிச்சம். அதனால திங்கட்கிழமையிலருந்து லைன் அஞ்சு இருபது வரைக்கும் ஓடும். அப்புறம் மீட்டிங். அஞ்சரைக்கு எப்பவும்போலக் கிளம்பலாம். முன்னாடியும் அஞ்சரைதானே? யாருக்கும் ஒரு நிமிஷம்கூட அதிகமில்ல."

ரஞ்சனி தானறியாமல் கை தூக்கினாள். "சார், எனக்கு பஸ்... அஞ்சே காலுக்கெல்லாம்..."

விஜயராகவன் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் முன்னாலிருந்த மணியை எட்டித் தட்டினார்.

"பத்து நிமிஷம் ஆச்சும்மா. பிரவீன், அதைப் 'பிறகு'ல எழுது."

திங்கட்கிழமை ஐந்து மணி தாண்டியும் பலகைகள் வந்துகொண்டேயிருந்தன. சுந்தராம்பாள் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு காலை இன்னொரு காலோடு பின்னி நின்றபடி டேப் சுற்றினாள். அவள் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகத் துளிர்த்திருந்தது.

"போய்ட்டு வாங்கக்கா," என்றாள் ரஞ்சனி. "உங்க பலகையை நான் பாத்துக்கறேன்."

"ரெண்டு பலகைய எப்டிடி பாப்ப?"

"போங்கக்கா."

சுந்தராம்பாள் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஓடினாள். ரஞ்சனி இந்தப் பலகைக்கும் அந்தப் பலகைக்குமாகத் தாவினாள். ஷட்டர் இடைவெளி ஒரு நொடி இருண்டு வெளிச்சமானது. அவள் நிமிரவில்லை. கன்வேயரின் அதிர்வில், மேசைமேல் இருந்த மணி யாரும் தொடாமலே மெல்லச் சிணுங்கிக்கொண்டிருந்தது.