தடித்த எழுத்து

சார்ஜரில் செருகிய பழைய லேப்டாப் முனகி முனகித் திரையைக் காட்டுவதற்குள் பிளாரன்ஸ் ஒரு டீயைக் குடித்து முடித்திருந்தாள். தூத்துக்குடி கடற்கரைச் சாலையிலிருந்த அந்தக் கப்பல் ஏஜென்சியில் அவளுக்கு இது இருபதாவது வருஷம். திங்கட்கிழமை முதல் ஆளுக்கொரு மெயில் ஐடி வரப்போகிறது. இதுவரை எல்லாரும் சேர்ந்து பார்த்துவந்த பொது மெயிலை மூடுகிறார்கள். பீரோவில் கிடக்கும் பழைய மிஷின்களில் மெயில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் எடுத்துக்கொண்டு எடைக்குப் போட்டுவிடலாம் என்று மேனேஜர் சொன்னார். பழையது தெரிந்த ஆள் என்று அங்கே மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான்.

அந்தக் காலத்தில் மெயில் மேசையில் மூன்று பேர். அவள், சிவபாலன், கப்பலுக்குப் போய்வரும் மனுவேல். மூன்று பேருக்கும் ஒரே ஐடி, ஒரே பாஸ்வேர்ட். அந்தப் பாஸ்வேர்ட் சிவபாலனுடைய பைக் நம்பர். விதி ஒன்றுதான். தடித்த எழுத்தில் நிற்கும் மெயிலை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். எழுத்து மெலிந்துவிட்டால் யாரோ திறந்துவிட்டார்கள், திறந்தவர்தான் அதை முடிக்க வேண்டும். இது போக டிராஃப்ட்ஸ் ஒன்று இருந்தது. அனுப்பாத மெயில்கள் கிடக்கும் அந்த இடத்தில்தான் அவர்கள் ஒருவருக்கொருவர் செய்தி எழுதி வைப்பார்கள். ஆங்கில எழுத்தில் தமிழ். ‘பிளாரன்ஸ், உன் பங்கு வடையை மனுவேல் தின்னுட்டான், என்னைக் கேக்காதே.’ ‘அண்ணே, கஸ்டம்ஸ்ல ஆபீசர் இன்னைக்கு நல்ல மூடுல இருக்காரு, சீக்கிரம் வாங்க.’ படித்தவர் அழித்துவிட வேண்டும். சிலதை அழிக்க மனசு வராமல் அப்படியே விட்டுவைத்திருந்தார்கள்.

கண்டெய்னர் யார்டில் அப்போது நெட் கிடையாது. காலையில் அலுவலகத்தில் வைத்து மெயில்களையெல்லாம் இந்த லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு பிளாரன்ஸ் யார்டுக்குப் போவாள். உப்பளத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் உட்கார்ந்து படிப்பாள். திரும்பி வந்து ஒயரைச் செருகினால் இதில் திறந்ததெல்லாம் பொது மெயிலிலும் திறந்ததாகிவிடும். அது அப்போது பெரிய வசதியாகத் தெரிந்தது.

டிராஃப்ட்ஸைத் திறந்தாள். ஒன்றே ஒன்று கிடந்தது. 2009 மார்ச் பதினொன்று, காலை 10.52.

‘சிவபாலன் அண்ணே, கொழும்பு மெயில் பாத்தீங்களா? கப்பல் முன்னாடியே கிளம்புதாம். நாலு மணிக்குள்ள கண்டெய்னர் உள்ள போகணும். நான் வர லேட்டாகும், நீங்க உடனே’

அதற்கு மேல் இல்லை.

தேதியை இன்னொரு முறை பார்த்தாள். உலர்பூ ஏற்றிய பதினோரு கண்டெய்னர்களை விட்டுவிட்டுக் கப்பல் போன நாள் அது. ஏஜென்சியின் பெரிய பார்ட்டி அதோடு கையைவிட்டுப் போனார். அன்று மெயில் மேசையில் இருந்தது சிவபாலன் மட்டும். முதலாளி வந்து பார்த்தபோது கொழும்பு மெயில் மெலிந்த எழுத்தில் கிடந்தது.

“திறந்தது யாருல?”

“நான் திறக்கவேயில்ல சார். ராத்திரி வந்த எம்பது மெயில வரிசையா பாத்துக்கிட்டிருந்தேன். தடிச்சு நின்னதெல்லாம் பாத்துட்டேன். இது அதுல இல்ல.”

“மறந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. விட்டுருதேன்.”

சிவபாலன் சொல்லவில்லை. மூன்று நாள் அதே கேள்வி, அதே பதில். நாலாம் நாள் மேசை இழுப்பறையைக் காலி செய்துவிட்டுப் போனான். பிளாரன்ஸிடமும் கேட்டார்கள். நான் யார்டுல இருந்தேன் சார் என்றாள். பொய் சொன்னதாக அவளுக்குத் தோன்றவேயில்லை. யார்டில்தான் இருந்தாள். பாதி எழுதும்போது சீல் வைக்க ஆபீசர் வந்துவிட்டார் என்று கூப்பிட்டிருப்பார்கள். எழுந்து ஓடியிருப்பாள். மதியம் திரும்பி வந்து ஒயரைச் செருகியதும், சிவபாலன் வரிசையில் இன்னும் எட்டாத அந்த மெயில் அங்கேயும் மெலிந்துபோயிருக்கும். இப்போது எவ்வளவு யோசித்தும் அந்த மெயிலைத் திறந்த கை அவள் நினைவில் வரவில்லை. யார்டில் எழுதும் டிராஃப்ட் மட்டும் லேப்டாப்பிலேயே தங்கிவிடும் என்பதும் அப்போது யாருக்கும் தெரியாது. சிவபாலன் போன பிறகும் ஏழெட்டு வருஷம் அவன் பைக் நம்பரைத்தான் காலையில் வந்ததும் எல்லாரும் அடித்தார்கள்.

“என்னக்கா, ஏதாவது இருக்கா? எடைக்குப் போட்டுரலாமா?” பக்கத்து மேசை ஜெமிமா கேட்டாள்.

“இது இருக்கட்டும்மா.”

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் லேப்டாப்பைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாத்தான்குளம் பஸ் ஏறினாள். சிவபாலன் அங்கே மோட்டார், பைப் கடை வைத்திருப்பதாக மனுவேல் எப்போதோ சொல்லியிருந்தான். போன் பண்ணிச் சொல்லிவிடலாமா என்று ஆத்தூர் வரை யோசித்தாள். திருச்செந்தூர் தாண்டியதும் அந்த யோசனையை விட்டுவிட்டாள்.

கடை அவன் வீட்டின் முன்பக்கமே இருந்தது. சிவபாலனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அவளைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டான்.

“ஏ, பிளாரன்ஸ்! நீயா? மனுவேல் எப்படி இருக்கான்? இன்னும் அடுத்தவன் வடையத்தான் திங்கானா?”

அவள் சிரிக்க முயன்றாள். முடியவில்லை. நின்றபடியே சொன்னாள். யார்டு, ஒயர், டிராஃப்ட் எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொல்லி, “திறந்தது நான்தான் அண்ணே” என்று முடித்தாள்.

அவன் கல்லாப் பக்கம் திரும்பினான். மேஜைமேல் கிடந்த பைப் துண்டு ஒன்றை எடுத்து, அதன் வாயிலிருந்த பிசிறை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தான்.

“பதினேழு வருசம்” என்றான். கோபமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. “நானே திறந்துட்டு மறந்துருப்பனோன்னு எனக்கே பாதி சந்தேகம் வந்துட்டு, தெரியுமா?”

“அண்ணே...”

“எங்கிட்ட சொன்னது போதும். உள்ள போ. அவகிட்ட சொல்லு.”

அவன் மனைவி முத்துக்கனி அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கரண்டில் செருகாமல் லேப்டாப் உயிர் பெறாது. மிக்ஸியைக் கழற்றிவிட்டு அந்த பிளக்கில் செருகினார்கள். திரை வரும்வரை இரண்டு பெண்களும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிளாரன்ஸ் திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள். முத்துக்கனி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்து, ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தாள். ‘நீங்க உடனே’ என்ற இடத்தில் நின்றாள்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

“மறந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வேலைல இருங்கன்னு இவிய கால்ல விழாத குறையா கெஞ்சினேன். கேக்கல. வீம்புக்காரன்னு பேசாத பேச்செல்லாம் பேசிட்டேன். பிள்ளைய முன்னாடி வச்சிக்கூட பேசிருக்கேன்.” அவள் குரல் உயரவேயில்லை. “அதுக்கப்புறம் ரெண்டு மூணு வருசம் இவிய எங்கூட சரியா முகம் குடுத்துப் பேசல.”

பிளாரன்ஸ் லேப்டாப்பை மூடினாள். மன்னிப்புக் கேட்பதென்றால் யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முத்துக்கனி நிலைவாசல் வரை போய் நின்றாள். “ஏங்க” என்றாள். வெளியே சிவபாலன் ஒரு ஆளுக்குப் பைப் அளந்துகொண்டிருந்தான். தரையில் டேப்பை நீட்டிப் பிடித்தவன் அவள் குரல் கேட்டும் நிமிரவில்லை. எத்தனை அடி அண்ணாச்சி என்று அந்த ஆள் கேட்டார். மறுபடியும் கேட்டார். மஞ்சள் டேப் அவன் விரலுக்கடியில் வெயிலில் நீண்டு கிடந்தது. முத்துக்கனி படியிறங்கிப் போய், அதன் மறுமுனையைக் குனிந்து பிடித்துக்கொண்டாள்.